ரிக்‌ஷாக்காரர்களின் சர்வகலாசாலை

சர்வகலாசாலை ஒன்றை, சோப்புக் கம்பெனியையும் பஸ் கம்பெனியையும் பதிவு செய்வதுபோல, கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த கதையை நீங்கள் கேட்டதுண்டா? 1953-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அது நடந்தது. நன்யாங் சர்வகலாசாலை என்பது பெயர். வெள்ளைக்கார அரசாங்கம் அதைச் சர்வகலாசாலை என்று ஏற்கத் தயங்கியது. சரி, கம்பெனியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் சீனர்கள். வியாபாரிகள் அல்லவா? ஒரு கதவு சாத்தியிருந்தால் இன்னொரு கதவு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாமல் போகுமா!

'நன்யாங்' என்றால் தென்கடல். சீனாவின் தென்கரையில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி, மலாயாவிலும் ஜாவாவிலும் சயாமிலும் குடியேறிய லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் பிரதேசம் முழுவதுமே நன்யாங்தான். அவர்கள் எல்லோரும் ஒரே பாஷை பேசினார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. ஒருவர் ஹொக்கியன் பேசுவார், அடுத்த கடைக்காரர் கான்டனீஸ் பேசுவார், எதிர்வீட்டில் ஹக்கா. ஏறக்குறைய தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள தூரம் இவற்றுக்குள் உண்டு. எழுத்து மட்டும் எல்லோருக்கும் பொது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் அவரவர் பேச்சிலேயே கன்பூசியஸின் நூல்களை உருப்போட வைத்தார்கள்.

1911-ல் சீனத்தில் முடியாட்சி கவிழ்ந்த பிறகு, வடக்கத்தி மாண்டரின் தேசிய மொழியாகத் தலையெடுத்தது. அதைத் தென்கடலில் ஊன்றிய பெருமையில் பெரும்பங்கு தான் கா கீ என்ற ரப்பர் வியாபாரியைச் சேரும். 1890-ல் தகப்பனாரின் அரிசிக் கடைக்கு உதவியாக வந்த பையன் அவர். அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைத்தும், ரப்பரில் செருப்பும் டயரும் செய்தும் கோடீசுவரரானார். சம்பாதித்ததைப் பள்ளிக்கூடங்களில் கொட்டினார். 1919-ல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி. 1921-ல் தாயகத்தில் அமாய் சர்வகலாசாலை. உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது அவருடைய கம்பெனியும் 1934-ல் கலைந்தது. அமாய் சர்வகலாசாலையை அதற்குப் பிறகும் மூன்று வருஷம் தாங்கிப் பிடித்து, 1937-ல்தான் சர்க்காரிடம் ஒப்படைத்தார்.

இந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் மேலே படிக்கச் சீனாவுக்குப் போவது வழக்கம். 1949-ல் அங்கே கம்யூனிஸ்டு ஆட்சி வந்ததும் சங்கடம் பிறந்தது. போகிறவன் போகலாம், திரும்பி வர முடியாது. சிங்கப்பூரில் இருந்த மலாயா சர்வகலாசாலையிலோ ஆங்கிலத்துக்குத்தான் இடம். பத்துப் பன்னிரண்டு வருஷம் சீனத்தில் படித்த பையன் எங்கே போவான்?

தான் கா கீயிடம் வேலை பார்த்துப் பின்பு தாமே ரப்பர் அரசரான தான் லார்க் சை, அதிகம் படிக்காதவர். 1953 ஜனவரியில், "நாமே ஒன்று கட்டுவோம்" என்று எழுந்தார். ஐம்பது லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. பணக்காரர்கள் கொடுப்பது பெரிதல்ல. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் ஒரு நாள் முழுவதும் மிதித்து, அன்றையக் கூலியை அப்படியே உண்டியலில் போட்டார்கள். டாக்ஸிக்காரர்களும் நாவிதர்களும் கொடுத்தார்கள். நடன விடுதிப் பெண்கள் ஓரிரவு ஆடிச் சம்பாதித்ததைக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிப்பார்களா என்பது அவர்களில் பலருக்கு நிச்சயமில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சர்வகலாசாலைக்கு அஸ்திவாரம் அந்தச் சில்லறைக் காசுதான்.

முதல் தலைவராக உலகப் பிரசித்தி பெற்ற எழுத்தாளர் லின் யூடாங் வந்தார். எழுத்தாளரை நிர்வாகத்துக்கு அழைப்பது எப்போதுமே விபரீதம்! வரவுசெலவுத் திட்டத்தில் தகராறு, அரசியலில் தகராறு. வகுப்பு ஒன்றுகூட நடக்குமுன், 1955 ஏப்ரலில், அவரும் அவர் அழைத்து வந்தவர்களும் மூன்று லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு பெற்றுக்கொண்டு விலகினார்கள். அந்தத் தொகையைத் தான் லார்க் சையே தம் கையிலிருந்து கொடுத்தார். 1956-ல் பாடங்கள் தொடங்கின. 1958 மார்ச் 30-ந் தேதி திறப்பு விழா. ஜூரோங் சாலையில் மைல் கணக்கில் கார்கள் நின்றுவிட்டன. விழாவுக்குப் புறப்பட்டவர்களில் பலர் விழாவைப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்களில் இடதுசாரிகள் பலர். 1963 தேர்தலில் எதிர்க்கட்சிக்குத் துணை நின்றார் என்று சொல்லி, வாக்குகள் எண்ணி முடித்த கையோடு தான் லார்க் சையின் பிரஜா உரிமையைப் பறிக்க லீ குவான் யூவின் அரசாங்கம் முனைந்தது. அடுத்த வருஷம் பறித்தும் விட்டது. 1972-ல் அவர் காலமானார். பட்டங்களுக்கு அரசாங்க அங்கீகாரம் 1968-ல்தான் கிடைத்தது. 1975-ல் பாடமொழி ஆங்கிலமாயிற்று. 1980-ல் சிங்கப்பூர் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டு, நன்யாங் என்ற பெயர் மறைந்தது.

அரசாங்கத்தின் மேலேயே முழுப்பழியையும் போடுவது சுலபம். ஆனால் அதற்கு வெகுமுன்பே பெற்றோர்கள் குழந்தைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது. நம்மவர் கதையும் வேறல்ல. சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. பக்கத்து மலேசியாவில் சீன, தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அங்கே சீனக் கல்விக்காக வாதாடிய லிம் லியான் கியோக் என்ற பள்ளி ஆசிரியருக்கும் 1961-ல் பிரஜா உரிமை போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நன்யாங் சர்வகலாசாலை மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1979-ல், அதே அரசாங்கம் "மாண்டரின் பேசுங்கள்" என்று இயக்கம் தொடங்கியது. வானொலியிலும் டெலிவிஷனிலும் ஹொக்கியனும் கான்டனீஸும் ஒடுங்கின. உண்டியலில் காசு போட்ட ரிக்‌ஷாக்காரர் வீட்டில் பேசிய பாஷை அவருடைய பேரனுக்கு விளங்காமல் போயிற்று. எந்த மாண்டரினுக்காக அவர் கொடுத்தாரோ, அது அவருக்கு ஒருநாளும் தாய்மொழியாக இருந்ததில்லை.

அந்த நிலத்தில் 1981-ல் தொழில்நுட்பக் கழகம் ஒன்று எழுந்து, 1991-ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயிற்று. பழைய நுழைவாயில் வளைவு இப்போது அதன் எல்லைக்குள் இல்லை. நடுவே பெருஞ்சாலை போய்விட்டது. அடுக்குமாடி வீடுகளுக்கு மத்தியில், ஒரு சிறு பூங்காவில், அது தனியே நிற்கிறது. 1998-ல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். உள்ளே, பல்கலைக்கழகத்துக்குள், அதேபோல் இன்னொரு வளைவு புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.