நீரைத் தெளிவிக்கும் முருங்கை விதை: ஆய்வுகள் கூறுவது என்ன?

திருவனந்தபுரம்: பழவங்காடியை ஒட்டிய சாலை சந்தைக்குத் தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் காய்கறிகளில் முருங்கைக்காயும் ஒன்று. சாம்பாருக்கும் அவியலுக்கும் இன்றியமையாத இந்தக் காய் முற்றி உலர்ந்துவிட்டால் சமையலுக்கு ஆகாது. ஆனால், ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வருவது அந்த முற்றிய காயின் விதையைத்தான். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

சூடானில் நைல் ஆற்றுக் கரையோரப் பெண்கள் முருங்கை விதையை இடித்துக் கலங்கல் நீரில் கலந்து தெளியவைத்து வந்தனர். இவ்வழக்கத்தை ஜெர்மானிய ஆய்வாளர் சாமியா அல் அசரியா ஜான் 1970-களிலும் 1980-களிலும் முறையாக ஆராய்ந்து பதிவு செய்தார். பின்னர் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர், ஆப்பிரிக்க நாடான மலாவியில் உள்ள தியோலோ நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இதனைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தனர்.

விதையில் உள்ள, நீரில் கரையும் ஒரு புரதமே இதற்குக் காரணம். அப்புரதம் நேர் மின்னூட்டம் கொண்டது. நீரில் மிதக்கும் களிமண் துகள்களும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. எனவே புரதம் அவற்றை ஈர்த்துத் திரளச் செய்கிறது. கனமான திரள்கள் அடியில் படிந்துவிடுகின்றன. நகராட்சிக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்யும் பணியும் இதுவே. சாதாரணக் கலங்கலுக்கு லிட்டருக்கு ஒரு விதையும், மிகுந்த கலங்கலுக்கு இரண்டு விதைகளும் போதும் என்பது பொதுவான கணக்கு. தூளைக் கலந்து முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கிளறி, ஓரிரு மணி நேரம் அசையாமல் வைத்தால் மேல்நீர் தெளிந்துவிடும். மரத்திலேயே முற்றி உலர்ந்த காயின் விதையாக இருத்தல் வேண்டும். பச்சைக் காயின் விதை பயன் தராது.

இம்முறையில் 90 முதல் 99 விழுக்காட்டுக்கும் மேலான பாக்டீரியாக்கள் நீங்குவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதனாலேயே அது பாதுகாப்பான குடிநீர் ஆகிவிடாது. நீரில் கரைந்துள்ள உப்பை விதை நீக்குவதில்லை. மேலும், விதையின் ஏனைய கரிமப் பொருள்கள் நீரிலேயே தங்கிவிடுவதால், எஞ்சிய பாக்டீரியாக்கள் அவற்றை உணவாகக் கொண்டு மீண்டும் பெருகுகின்றன. எனவே தெளிந்த நீரை ஒரு நாளுக்கு மேல் சேமித்து வைப்பது உகந்ததன்று. கொதிக்கவைத்தலுக்கோ குளோரினுக்கோ இது மாற்றும் ஆகாது. மாறாக, அவற்றுக்கு முந்தைய படிநிலையாக இதனைக் கொள்ளலாம். கலங்கல் மிகுந்த நீரில் குளோரினின் பெரும்பகுதி அழுக்குடன் வினைபுரிந்தே வீணாகிவிடும் என்பதால் அந்த முந்தைய படிநிலை முக்கியமானது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஏராளமான கிணறுகள் சேறாகிப்போன கேரளத்துக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

மறுபெருக்கச் சிக்கலுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு தீர்வை முன்வைத்தனர். விதைச் சாற்றை மணலுடன் கலந்தால் புரதம் மட்டும் மணலில் ஒட்டிக்கொள்ளும்; எஞ்சிய கரிமப் பொருள்களைக் கழுவி வெளியேற்றிவிடலாம். அந்த மணலே பின்னர் வடிகட்டியாகப் பயன்படும்.

கிணற்றோரம் முருங்கை நட்டால் அது மண்ணின் நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் என்றும், அதனால் கர்க்கிடக மாதத்தில் முருங்கைக்கீரை உண்ணலாகாது என்றும் கேரளத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மேற்கண்ட ஆய்வுகளை இதற்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அவை பேசுவது இடித்த விதையின் புரதத்தைப் பற்றியே. உயிருள்ள மரத்தின் வேரைப் பற்றியன்று.

கீரையைப் பொறுத்தவரை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கீரையில் சுமார் 6.4 கிராம் புரதமும் 314 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. பசும்பாலில் உள்ளதைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகமான கால்சியம். பாலைப்போல் 17 மடங்கு என்று பொட்டலங்களில் அச்சிடப்படும் கணக்கு, உலர்ந்த கீரைத்தூளை நீர்ச்சத்து மிகுந்த பாலுடன் எடைக்கு எடை ஒப்பிட்டுப் பெற்றது. ஒரு வேளைக்கு 100 கிராம் தூளை எவரும் உண்பதில்லை. இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது குறித்து மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் பெரும்பாலும் சிறிய அளவிலானவையே. வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை கொண்ட காரப்பொருள்கள் உள்ளமையால் அதனை உண்பது ஆபத்தானது.

சாகுபடியில் திருப்புமுனையாக அமைந்தது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 ரகம். தூத்துக்குடி மாவட்டம் எப்போதும்வென்றான் பகுதியின் நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இது, போத்து நடாமல் விதை ஊன்றியே பயிரிடத்தக்கது. ஆறே மாதங்களில் காய்க்கும். 2000-இல் பி.கே.எம்.-2 வெளியானது. அதன் காய்கள் ஒரு மீட்டருக்கும் அதிக நீளமுடையவை.

கரூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் இன்று காயுடன் கீரைத்தூளும் விதை எண்ணெயும் வணிகப் பொருள்களாகியுள்ளன. விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய் உள்ளது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஓலிக் அமிலமே இதிலும் 70 விழுக்காடு அளவுக்குக் காணப்படுகிறது. எளிதில் கெடாத இவ்வெண்ணெய் முற்காலத்தில் கைக்கடிகாரங்களின் நுண்பாகங்களுக்கு மசகாகவும் பயன்பட்டது. எண்ணெயைப் பிழிந்தெடுத்த பின்னும் நீரைத் தெளிவிக்கும் புரதம் அழிவதில்லை. எஞ்சும் பிண்ணாக்கைத் தூளாக்கி அதே பணிக்குப் பயன்படுத்தலாம்.