சமாதான மேசையில் தாய்மாருக்கும் ஓர் இடம்

பௌர்ணமிதோறும் நம் திருவண்ணாமலையைச் சுற்றி மக்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அவர்களில் பலர் தேடி வருவது மன அமைதியை. அதே அமைதியை இழந்து கடல் கடந்து வந்தவர்களும் நம் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்த ஈழத்துச் சகோதரர்கள் அவர்கள். அவர்களுடைய அகதி முகாம்களைத் தமிழக அரசு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறிவிட்டது. ஆனால் அங்குள்ள தாய்மாரின் கதையை நாம் என்றாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

1984-இல், இராணுவம் பிடித்துச் சென்ற பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள்.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் பெண்களைக் காக்க வேண்டும், சமாதான முயற்சிகளில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அதன் சாரம்.

இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கிளிநொச்சியில், அரசுத் தரப்பில் ஐந்து பெண்களும் புலிகள் தரப்பில் ஐந்து பெண்களுமாகப் பதின்மர் ஒரு துணைக்குழுவாகக் கூடினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியல் பங்கு ஆகியவற்றைத் தங்கள் பணியாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முதன்மை மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியதும் பெண்களின் பணியும் அதோடு நின்றுபோனது. பிறகு மூண்ட போர் 2009 மே வரை நீடித்தது.

அதே 2003-இல் லைபீரியாவில் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வெள்ளுடை உடுத்தி ஒன்றாக அமர்ந்து போராடினார்கள். பேச்சுவார்த்தை நடந்த கானா நாட்டுக்கே சென்று, உடன்பாடு காணாமல் தலைவர்கள் வெளியேறாதபடி வாசலை மறித்தார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களை வழிநடத்திய லேமா போவி 2011-இல் நோபல் பரிசு பெற்றார். அந்நாட்டின் அமைதியைக் காக்க 2007-இல் நம் இந்தியாவிலிருந்து பெண் காவலர்களைக் கொண்ட தனிப் படையே சென்றது.

கிளிநொச்சித் தாய்மாரோ, காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பிப்ரவரியில் மீண்டும் தெருவோரம் அமர்ந்தார்கள். 1984-இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த அதே கேள்விதான் அவர்களிடமும் இருந்தது. போர் தொடங்கும்போது யாரும் தாய்மாரைக் கேட்பதில்லை. அது முடிந்த பின்னும் கண்ணீர் அவர்களுக்கே மிஞ்சுகிறது.

அன்பு நெஞ்சங்களே, இது தொலைதூரத்துக் கதை மட்டுமல்ல. நம் ஊரில் வாய்க்கால் தகராறோ, சாதிச் சச்சரவோ, குடும்பச் சண்டையோ வந்தால் பஞ்சாயத்தில் யார் அமர்கிறார்கள்? அடி வாங்கியவள் வாசலுக்கு வெளியே நிற்க, நாம் உள்ளே சமரசம் பேசுகிறோம். அடுத்த முறை பாய் விரிக்கும்போது அவளுக்கும் இடம் விடுவோம். அவள் சொல்வதை முதலில் கேட்போம்.