வளைந்த வட்டமும் பலகை வட்டமும்



இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலை ஒட்டிச் செல்லும் பகுதியை நீங்கள் அறிவீர்கள். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் புகைவண்டி நிலையம் அங்கேதான் நிற்கின்றது. 1940-களின் இறுதியில் எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிலும், 1950-களில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிலும் வேரூன்றின. அவற்றைச் சுற்றிச் சிறிய பட்டறைகள் பல எழுந்தன. அப்பட்டறைகளில் கடைசல் வேலை செய்பவர் முதலில் பார்ப்பது இரும்பை அன்று, வரைபடத்தை. படத்திலுள்ள அளவுக்கு இரும்பு வந்ததா என்பதை மைக்ரோமீட்டரைக் கொண்டு சோதிப்பார்.

அந்த மைக்ரோமீட்டரே கைதவறி விழுந்து வளைந்துவிட்டால் என் செய்வது? அளக்கும் கருவியை எதனால் அளப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிய ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன். அவ்வரலாறு தொடங்குவதும் நம் சென்னைக் கடற்கரையிலேதான்.

1802-ஆம் ஆண்டில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 1875-ல்தான். கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளும் மனிதர்களும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். ஆணி அடியாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்பொழுது நெகிழ்ந்து கொடுக்கும், உடையா. அவ்வாறு கரை சேர்ந்த பொருள்களுள் ஒன்று, இலண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட்டு. தொலைவிலுள்ள இரண்டு பொருள்களுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்கும் கருவி அது. எடை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டு, மொரீசியசுத் தீவுக்குப் போய், பின்னரே இக்கருவி நம் கரைக்கு வந்தது என்று கூறுவர்.

இதனை வரவழைத்தவர் வில்லியம் லாம்டன். 1799-ல் சீரங்கப்பட்டணத்துப் போரில் ஈடுபட்ட படை அதிகாரி அவர். போர் முடிந்ததும், தென்னாட்டை ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் முக்கோணங்களாகப் பிரித்து அளந்துவிட வேண்டும் என்னும் திட்டத்தை அரசினர் முன் வைத்தார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் மூன்று கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணங்களை அமைக்கலாம். இவ்வாறு தொடர்ந்தால், சங்கிலியால் தரையில் அளப்பது ஒரு கோடு மட்டுமே. எஞ்சியவை எல்லாம் கோணங்களே.

அந்த முதற்கோட்டை 1802 ஏப்ரல், மே மாதங்களில், பரங்கிமலைக்கு அருகே, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். இந்த ஆதாரக் கோட்டிலிருந்தே இந்தியாவின் பெரிய முக்கோண அளவை வளர்ந்தது. கோடை வெயிலில் பல வாரங்கள் உழைத்துப் பெற்ற அந்த ஒரு நீளத்தை நாடெங்கும் எடுத்துச் செல்லும் பொறுப்பு முழுவதும் தியோடலைட்டின்மேல் விழுந்தது.

அதன் உயிர்நிலை யாது? 36 அங்குல விட்டமுள்ள கிடைவட்டம். அதன் விளிம்பில் பாகைகளும் அவற்றின் கூறுகளும் கோடுகளாக வெட்டப்பட்டிருந்தன. மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 18 அங்குலம். ஒரு பாகைக்குரிய விளிம்பு நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு. எனவே ஒரு விகலைக்குரிய நீளத்தைப் பெற, ஓர் அங்குலத்தை 11,000-க்கும் மேற்பட்ட கூறுகளாக்கி ஒரு கூற்றை எடுக்க வேண்டும். தலைமயிர் ஒன்றின் கனம் அங்குலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு. அவ்வளவே விளிம்பு பிசகினாலும், கோணத்தில் 34 விகலை பிழை நேரும். 20 மைல் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தை அப்பிழையுடன் நோக்கினால், அதனை ஏறத்தாழ 17 அடி தள்ளிக் குறித்துவிடுவோம். அடுத்த முக்கோணம் அப்பிழையின்மேல் நிற்கும், அதற்கடுத்தது அதன்மேல். ஒரு மயிரளவுப் பிழை நாட்டின் படத்தையே சாய்த்துவிடும்.

இனி 1808-ஆம் ஆண்டுக்கு வருவோம். அளவைப் பணி தஞ்சையை அடைந்திருந்தது. காவிரி பாயும் அச்சமவெளியில் மலைகள் இல்லை. எங்கும் தோப்புகள் பார்வையை மறைத்தன. தொலைவு நோக்க உயர்ந்த இடம் வேண்டுமாயின், கோயில்களே கதி. எனவே தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியை ஏற்ற முனைந்தார்கள். கயிறுகளும் கப்பிகளும் கட்டி மேலே இழுத்தார்கள். கருவி சுவரில் மோதாதிருக்கப் பக்கவாட்டில் பிடித்திருந்த கயிறு திடீரென அறுந்தது. அரை டன் எடை வீசிச் சென்று கட்டடத்தில் மோதியது. கருவி பெட்டிக்குள் இருந்தும் தப்பவில்லை. வட்டம் வளைந்தது, ஆரக்கால்களும் கோணின.

வேறு ஒருவராயின் அக்கருவியைக் கைவிட்டிருப்பார். இலண்டனிலிருந்து புதிய கருவி வருவதாயின் ஆண்டுகள் கழியும். அதுவரை பணி நிற்கும்; தொடங்கியதே பயனற்றது என்று கூறுவோரும் முளைப்பர். வளைவை மறைத்து, அதே கருவியால் அளந்து செல்வதும் இயலாததன்று. அத்தவற்றை உடனே கண்டுபிடிக்க வல்லவர் அக்காலத்தில் இந்நாட்டில் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? லாம்டன் இவ்விரண்டு வழியையும் கொள்ளவில்லை. கூடாரத்தில் தனித்திருந்து, கருவியை முற்றிலும் பிரித்தெடுத்தார். பெரியதொரு தட்டையான பலகையில், வட்டம் முன்னர் எவ்வளவு இருந்ததோ மிகச் சரியாக அவ்வளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டினார். பிறகு ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும், வளைந்த பித்தளை வட்டத்தைச் சிறிது சிறிதாக வெளிப்புறம் இழுத்து, அப்பலகை வட்டத்தில் பொருந்தச் செய்தார். கோணிய ஆரக்கால்களைச் சிறிய கொட்டாப்புளிகளால் தட்டித் தட்டி உரிய நீளத்திற்கும் வடிவிற்கும் கொண்டு வந்தார். இதற்கு ஆறு வாரங்கள் ஆயின. 1818-ல் லாம்டனிடம் உதவியாளராக வந்து, பின்னர் அவர் பதவியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்டு இச்செய்தியை எழுதி வைத்திருக்கின்றார்.

மாணவர்களே, அப்பலகையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது ஒரு முழு அளவுப் படம். சிறிதாக்கியதும் அன்று, பெரிதாக்கியதும் அன்று; பொருள் எவ்வளவோ படமும் அவ்வளவு. அதன்மேல் பொருளை வைத்தே சரி பார்க்கலாம். கணக்கு வேண்டா, கண்ணும் கையும் போதும். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே குறை உண்டு.

ஆயினும் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். லாம்டன் வரைந்தது கண்முன் இருந்த வளைந்த பொருளை அன்று. மோதுவதற்கு முன் இருந்த பொருளை. கண்முன் இல்லாத ஒன்றை எவ்வாறு சரியாக வரைய இயன்றது? அது வட்டமாக இருந்ததால் இயன்றது. வட்டத்திற்கு மையமும் ஆரமும் தெரிந்தால் போதும். எஞ்சியதை வடிவக் கணிதம் காத்து நிற்கும். வேறு உருவமாக இருந்திருப்பின், மூலப் படம் ஒன்று இல்லாமல் அவராலும் மீட்டிருக்க முடியாது.

லாம்டனின் உழைப்பு முழு வெற்றி பெற்றதா? கருவி பழைய வடிவுக்கு மிக அண்மையில் வந்தது என்பதே எவரெஸ்டின் கருத்து. அதே வடிவம் என்று அவர் கூறவில்லை. எதிரெதிரான இடங்களில் அளவைப் படித்துச் சராசரி காண்பது போன்ற முறைகளால் எஞ்சிய பிழை குறையும், அடியோடு அகலாது. அக்கருவியுடன் பல்லாண்டுகள் பணி தொடர்ந்தது. 1823-ல், அளவைப் பயணத்தின் நடுவிலேயே, இன்கன்காட்டு என்னும் ஊரில் லாம்டன் உயிர் நீத்தார். 1830-ல் எவரெஸ்டு புதிய தியோடலைட்டுகளுடன் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். 1860-களில் பெங்களூரிலும் கன்னியாகுமரியிலும் புதிய ஆதாரக் கோடுகளை அளந்து, தென்னாட்டுப் பகுதியை மீண்டும் சரிபார்த்தார்கள். முன்னோரை மதிப்பதும் அவர் அளவைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல என்பதை இதனால் அறிகின்றோம்.

இவ்வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இடம் பெறுகின்றார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் சென்னையில் கைத்தொழில் செய்து வந்தவர். அவர் திறமையைக் கண்டு அளவைத் துறையினர் கல்கத்தாவிற்கு அழைத்துச் சென்றனர். கருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் எவரெஸ்டின் நம்பிக்கையைப் பெற்று, 1843-ல் அளவைத் துறையின் கணிதக் கருவி செய்வோராகவே நியமனம் பெற்றார். ஐரோப்பியரே வகித்து வந்த பதவி அது. கருவியைத் தொட்டுப் பிரித்து, அதன் ஒவ்வோர் உறுப்பின் அளவையும் அறிந்த கைக்கு இவ்வுயர்வு வந்தது.

இச்செய்திகளால் இன்றைய மாணவர்க்கு யாது பயன் என்று கேட்பீர்கள். உங்கள் கல்லூரியின் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய வால்வு வோல்ட்மீட்டர், ஆசிலாஸ்கோப்பு, சிக்னல் ஜெனரேட்டர் ஆகியவை தூசி படிந்து கிடக்கலாம். இவை மின்சார உலகின் தியோடலைட்டுகள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நல்ல நிலையிலிருந்த ஒரு பழைய வோல்ட்மீட்டரின் திருப்பு குமிழ் ஒரு நாள் உடைந்தது. குமிழின் உட்புறம் வட்டம் அன்று, படிப்படியான விளிம்புடையது. அதன் படம் எவரிடமும் இல்லை. எடுத்து வரைந்திருக்க வேண்டியவன் நான், வரையவில்லை. ஒரு குமிழுக்காகக் கருவி முழுவதும் பழைய இரும்புக்குப் போயிற்று. அன்றுதான் லாம்டனின் பலகை எனக்கு விளங்கிற்று: பொருள் நன்றாக இருக்கும்பொழுதே படம் எடுத்துவிட வேண்டும்.

எவ்வாறு எடுப்பது? முதலில், ஆசிரியர் துணையின்றிப் பெட்டியைத் திறவாதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளேயுள்ள கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றிய உறுப்பைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவது படம் ஆகாது. பென்சில் சாய்ந்த அளவுக்குப் படம் பருத்துவிடும். பரங்கிமலைக் கோட்டைப் போல, உறுப்பின் தேயாத ஓர் ஓரத்தை ஆதாரக் கோடாகக் கொள்ளுங்கள். எல்லா அளவையும் அங்கிருந்தே எடுங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு என்று தாவித் தாவி அளந்தால், ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிமீட்டர் பிசகினாலும், பத்தாம் துளையில் அது 1 மில்லிமீட்டர் வரை வளரலாம். இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு வேண்டுமாயின், வெளி விளிம்புகளின் தொலைவையும் உள் விளிம்புகளின் தொலைவையும் வெர்னியரால் அளந்து, கூட்டிப் பாதியாக்குங்கள்.

அளவின் கருத்தையும் அறிய வேண்டும். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முன்னர் வந்த கருவிகள் பெரும்பாலும் அங்குலத்தில் அமைந்தவை. ஒரு குமிழின் தண்டு 6.35 மில்லிமீட்டர் என்று கண்டால், "6 என்று வைத்துக்கொள்வோம்" என்று குறைத்துவிடாதீர்கள். அது கால் அங்குலம். செய்தவன் எண்ணிய அளவு அதுவே. தேய்ந்த இடத்தில், இன்றுள்ள அளவைத் தனியாகவும், முன்னர் இருந்ததென்று நீங்கள் கருதும் அளவைத் தனியாகவும் எழுதுங்கள். கண்டதையும் கருதியதையும் கலப்பது பொய்க்கு முதற்படி.

இறுதியாக ஒன்று. கடற்காற்றில் தாள் ஈரம் குடித்து நீளும். படியெடுக்கும் பொறிகளும் சற்றே பெருக்கவோ குறைக்கவோ செய்யும். ஆகவே படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர்க் கோடு ஒன்றை வரைந்து, அதன் நீளத்தையும் எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைக் காண்பவர், முதலில் அக்கோட்டை அளந்து, படம் பொய்த்ததா இல்லையா என்று அறிந்துகொள்வார்.

தஞ்சையில் கயிறு அறுந்த நாளில் லாம்டனைக் காத்தது, அவ்வட்டம் முன்னர் எவ்வாறு இருந்தது என்னும் ஐயமற்ற அறிவு. அவ்வறிவைப் பலகையில் வெட்டி வைத்தார். பித்தளை அதற்கு அடங்கிற்று. நீங்கள் வரையும் ஒவ்வொரு முழு அளவுப் படமும், என்றோ எவருக்கோ அத்தகைய பலகையாகலாம். இவ்வாரமே, ஆய்வுக்கூடத்திலுள்ள ஒரு பழைய கருவியின் ஒரே ஓர் உறுப்பை, அது உடையும் முன்னர், வரைந்து வையுங்கள்.