கேரி ஆன் (சூப்பர்நேச்சுரல் தொடரின் கடைசி அத்தியாயம்)

கேரி ஆன் என்பது சூப்பர்நேச்சுரல் என்னும் அமெரிக்க அமானுஷ்யத் தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயம் ஆகும். இது 2020 நவம்பர் 19 அன்று தி சிடபிள்யூ அலைவரிசையில் ஒளிபரப்பானது. பதினைந்தாம் பருவத்தின் 20ஆவது அத்தியாயமான இது, தொடர் முழுமைக்கும் 327ஆவது அத்தியாயம். ஆண்ட்ரூ டாப் எழுத, ராபர்ட் சிங்கர் இயக்கினார். பதினைந்து ஆண்டுகள் தொடரைப் பின்தொடர்ந்த இரசிகர்களில் பெரும் பகுதியினருக்கு இது ஏமாற்றம் அளித்தது. அந்த ஏமாற்றத்தின் காரணங்கள் இந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் இல்லை. தொடரின் வரலாற்றிலேயே அவற்றின் வேர்கள் உள்ளன.

பின்னணி

எரிக் கிரிப்கி உருவாக்கிய இத்தொடர் 2005 செப்டம்பர் 13 அன்று தி டபிள்யூபி அலைவரிசையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்த அலைவரிசை மூடப்பட, தொடர் புதிய தி சிடபிள்யூவுக்கு மாறியது. அண்ணன் டீன் வின்செஸ்டராக ஜென்சன் ஆக்கிள்சும், தம்பி சாமாக ஜாரெட் படலெக்கியும் நடித்தனர். தாயை ஒரு பேய்க்குப் பறிகொடுத்த இருவரும், 1967ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா காரில் ஊர் ஊராகச் சென்று பேய்களையும் இரத்தக்காட்டேரிகளையும் வேட்டையாடுவதே கதை.

கிரிப்கி இக்கதையை ஐந்து பருவங்களுக்கு எனத் திட்டமிட்டிருந்தார். 2010 மே 13 அன்று ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தின் இறுதி அத்தியாயமான சுவான் சாங், அத்திட்டத்தின் முடிவு. உலகைக் காக்கச் சாம் லூசிபரோடு நரகச் சிறையில் குதிக்கிறான். டீன் வேட்டையை விட்டுக் குடும்ப வாழ்வுக்குத் திரும்புகிறான். இன்றும் பல இரசிகர்கள் தொடரின் உண்மையான முடிவாக இதையே கருதுகின்றனர். ஆனால் அலைவரிசை தொடரை நிறுத்தவில்லை. கிரிப்கி பொறுப்பிலிருந்து விலக, செரா கேம்பிள், ஜெரமி கார்வர், பின்னர் டாப்பும் சிங்கரும் எனப் பொறுப்பு கைமாறியது. ஒரு முறை முடிந்த கதைக்கு இன்னொரு முடிவைத் தேட வேண்டிய கட்டாயம் இவ்வாறு உருவானது.

பதினைந்தாம் பருவம்

கடைசிப் பருவத்தின் எதிரி கடவுளே. சக் என்ற எழுத்தாளனாக உலவும் கடவுள், சகோதரர்களின் வாழ்க்கை முழுவதையும் தன் பொழுதுபோக்குக்காக எழுதிய கதையாக நடத்தி வந்திருக்கிறார். ஒரு சகோதரன் மற்றவனைக் கொல்வதே அவர் விரும்பும் முடிவு. தம் வாழ்வைத் தாமே எழுதும் உரிமைக்காகவே இருவரும் போராடுகின்றனர்.

2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் படப்பிடிப்பு நின்றபோது இரண்டு அத்தியாயங்கள் எஞ்சியிருந்தன. அவை கனடாவின் வான்கூவர் பகுதியில் அவ்வாண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடும் கட்டுப்பாடுகளுடன் படமாக்கப்பட்டன. பழைய கதாபாத்திரங்கள் பலரைச் சொர்க்கத்தில் ஒன்றுகூட்டும் எண்ணம் கைவிடப்பட்டது.

நவம்பர் 5 அன்று ஒளிபரப்பான டெஸ்பேர் அத்தியாயத்தில், மிஷா காலின்ஸ் நடித்த காஸ்டியேல் என்னும் தேவதூதன், டீனிடம் தன் காதலைச் சொல்லி, அவனைக் காப்பாற்ற உயிரைத் தருகிறான். அதிபர் தேர்தல் முடிவுக்காக அமெரிக்கா காத்திருந்த அந்த இரவிலும் இக்காட்சி சமூக ஊடகங்களில் பெரும் பேச்சானது. அடுத்த வாரம் சக் தோற்கடிக்கப்பட்டார்; இளைஞன் ஜாக் புதிய கடவுளானான். எஞ்சியது ஒரே ஓர் அத்தியாயம்.

கதைச் சுருக்கம்

விடுதலை பெற்ற சகோதரர்கள் வழக்கமான வேட்டை ஒன்றுக்குச் செல்கின்றனர். ஒரு களஞ்சியத்தில் இரத்தக்காட்டேரிகளுடன் நடக்கும் சண்டையில், தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி டீனின் முதுகில் குத்துகிறது. நீண்ட விடைபெறுதலுக்குப் பின் அவன் இறக்கிறான். சொர்க்கத்தில் பாபி அவனை வரவேற்கிறார். ஜாக் சொர்க்கத்தைத் திருத்தியமைத்ததாகவும் காஸ்டியேல் அதற்கு உதவியதாகவும் அவர் சொல்கிறார். டீன் இம்பாலாவை ஓட்டிச் செல்ல, பூமியில் சாம் மகனுக்கு டீன் என்றே பெயரிட்டு வளர்த்து, முதுமையில் இறக்கிறான். ஒரு பாலத்தின் மேல் இருவரும் சந்திப்பதோடு கதை முடிகிறது.

விமர்சனம்

முதல் குறை, டீனின் மரணம். கடவுளையே வென்றவன் அடுத்த அத்தியாயத்தில் ஒரு கம்பியில் சிக்கி இறப்பது, பருவம் முழுவதும் பேசப்பட்ட சுதந்திரத்துக்குப் பொருளில்லாமல் செய்தது என்றனர். டீனின் மேசையில் வேலைக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று காட்டப்படுகிறது. வேட்டைக்கு அப்பால் ஒரு வாழ்வை அவன் எண்ணத் தொடங்கியதும் அது பறிக்கப்பட்டது. இரண்டாவது, காஸ்டியேல் பற்றிய மௌனம். அவன் காதலுக்கு டீனின் பதில் என்ன என்பது சொல்லப்படவே இல்லை. அவன் திரையில் தோன்றவும் இல்லை. ஓரினக் காதலைச் சொன்ன உடனே அப்பாத்திரத்தைக் கொன்றுவிடும் பழைய வழக்கம் இது எனப் பலர் சுட்டினர். மூன்றாவது, சாமின் பிற்கால வாழ்வு. மனைவி தொலைவில் மங்கலான உருவமாக மட்டுமே வருகிறாள். முதுமைக்காகச் சாமுக்கு வைத்த நரைமுடி கேலிக்குள்ளானது.

ஆதரித்தவர்களின் வாதமும் வலுவானதே. அதுவரை சகோதரர்கள் ஒவ்வொரு முறையும் உயிர் தப்பியதற்கோ மீண்டு வந்ததற்கோ காரணம், கதாநாயகர்கள் சாகக்கூடாது என்ற சக்கின் விருப்பம். அந்தக் காப்பு நீங்கிய பின் வரும் சாதாரண மரணமே உண்மையான மனித மரணம். தம்பி தன்னை உயிர்ப்பிக்க முயலக்கூடாது என்று டீன் கேட்பதும், சாம் அதை ஏற்பதும், ஒருவருக்காக ஒருவர் உலகையே பணயம் வைத்த பழைய சுழற்சியை முறிக்கின்றன. இறப்பதற்கு அண்ணனுக்குத் தம்பி தரும் அனுமதியையே, முடிவில் சாமுக்கு அவன் மகன் தருகிறான்.

பின்விளைவு

இந்த முடிவைக் கேட்டபோது தமக்கும் அதை ஏற்கக் கடினமாக இருந்ததாகவும், கிரிப்கியிடம் பேசிய பிறகே தெளிந்ததாகவும் ஆக்கிள்ஸ் பொதுமேடையில் கூறியுள்ளார். அவர் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருந்த தி வின்செஸ்டர்ஸ் என்னும் முன்கதைத் தொடர் 2022 அக்டோபரில் தொடங்கி, 13 அத்தியாயங்களுடன் 2023 மார்ச்சில் முடிந்தது. டீன் இம்பாலாவை ஓட்டிச் சென்ற அந்தச் சொர்க்கப் பயணத்தின் இடைவெளியிலேயே அதன் கதை பொருத்தப்பட்டது.

ஐந்தாம் பருவத்தின் முடிவில் இழப்புக்கு முன் தேர்வு இருந்தது. சாம் தானே குதித்தான். கேரி ஆன் அத்தியாயத்தில் இழப்பு தற்செயலாக நேர்ந்தது. தம் கதையைத் தாமே எழுத உரிமை பெற்ற இருவரில் ஒருவனுக்கு எழுத ஒரு பக்கமும் கிடைக்கவில்லை என்பதே இரசிகர்களின் நீங்காத மனக்குறை.