கோல் எடுத்தது ஒருவர், கொம்பனியைத் தெரிந்தது இன்னொருவர்

"காசு ஓடுது, சுருக்கமாக் கதை." எங்கட அம்மாமார் இந்த வசனத்தை இன்னும் மறக்கவில்லை. கொமினிகேசன் கடைக் கூண்டுக்குள் நின்று, மீற்றரைப் பார்த்தபடி கனடாவுக்கும் சுவிசுக்கும் கதைத்த காலம் அது. டேட்டா போட்டு மணிக்கணக்கில் வீடியோ கோல் கதைக்கிற எங்களுக்கு அது பகிடியாகத் தெரியலாம். ஆனால் அந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1996 இல் சன்ரெல், லங்கா பெல் ஆகிய கொம்பனிகள் வயரில்லாத் தொலைபேசியோடு வந்தன. உள்ளூரில் போட்டி தொடங்கியது. வெளிநாட்டு அழைப்புக்கு மட்டும் ஒரே வாசல்தான். 1997 இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் ஸ்ரீலங்கா ரெலிகொமில் 35.2 வீதப் பங்கை வாங்கியது. சர்வதேச அழைப்புகளில் ரெலிகொமின் ஏகபோக உரிமை 2002 ஆகஸ்ட் வரை நீடித்தது. யாருடைய போனில் இருந்து லண்டனுக்கு எடுத்தாலும் அந்த வாசலால்தான் போகவேண்டும்.

உள்ளே வருகிற அழைப்புக்கும் அதே வாசல்தான். அதை இங்கே கொண்டுவந்து சேர்க்க, வெளிநாட்டுக் கொம்பனி நிமிடக் கணக்கில் காசு கட்டவேண்டும். கடைசியில் அந்தக் காசைக் கொடுத்தது யார்? போரால் சிதறிப்போன எங்கட சொந்தங்களும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்த பெண்களும்தான்.

2003 இல் 30 இற்கும் மேற்பட்ட கொம்பனிகளுக்குச் சர்வதேச அழைப்பு அனுமதி கிடைத்தது. கட்டணம் விழுந்தது. 'போட்டி வந்தது, மக்களுக்குத் தெரிவு வந்தது' என்று இதை முடித்துவிடலாமா?

எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கொம்பனியைத் தெரிய முதலில் வீட்டில் போன் இருக்கவேண்டும். கடைக்குப் போய்க் கதைத்தவருக்குக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்த லைன்தான். வெளியில் இருந்து கோல் வந்தால், அங்க இருக்கிற மாமா வாங்கிய போன்காட்தான். குறிப்பிட்ட நேரத்துக்குக் கடைவாசலில் காத்திருந்த அம்மாவிடம் எந்தக் கொம்பனி வேணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விலை குறைந்தது அவருக்கு நல்லதுதான். கூடுதலாக நாலு வார்த்தை கதைக்க முடிந்தது. ஆனால் விலை குறைவது வேறு, தெரிவு செய்வது வேறு.

அனுமதிப்பத்திரங்களும் பங்கு விற்பனையும் ஆவணங்களில் இருக்கும். கடைவாசலில் காத்திருந்த கதை அங்கே இருக்காது. அதை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் கேட்டு எழுதி வைப்பம்.