36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கும் முழங்கால் வலி

அந்தமானில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அடுத்த பேச்சு, சென்னைக்குக் கப்பலா ஃப்ளைட்டா என்பதுதான். ஃப்ளைட்டில் இரண்டு மணி நேரச் சொச்சம், கப்பலில் மூன்று நாள் பக்கம். இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஜி.பி.பந்த். செல்லுலார் ஜெயிலின் இடித்த பகுதி இருந்த வளாகத்தில் 1963-ல் வந்தது. மரைன் ஹில்லில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஆட்டோ தூரம். (2024-ல் ஊர்ப்பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.)

தூரத்திலிருந்தே வைத்தியம் பார்க்கும் வேலை நம் நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது 2000 மார்ச்சில். சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்போலோ தொடங்கிய வசதியை, இந்தியா வந்திருந்த கிளிண்டன் திறந்து வைத்தார். அடுத்த வருஷமே இஸ்ரோ களத்தில் இறங்கியது. 2002-ல் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரியையும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவையும் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் போரூருக்குப் போகும், அங்கிருந்து ஸ்பெஷலிஸ்ட் திரையில் பேசுவார். 2004 சுனாமியின்போதும் இந்த இணைப்பு கை கொடுத்தது.

அந்தச் செயற்கைக்கோள் இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். "எங்கே வலிக்குது?" என்று டாக்டர் கேட்பது மேலே ஏறி இறங்க கால் விநாடி, நோயாளியின் பதில் திரும்ப இன்னொரு கால் விநாடி. இதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் செயற்கைக்கோளில் கிடைக்கும் நேரம் ரேஷன் அரிசி மாதிரி, அளந்துதான் வரும். நெஞ்சுவலிக்காரர் காத்திருக்கும்போது பத்து வருஷமாக இடுப்பு வலிக்கிறது என்பவரை யார் கேமரா முன்னால் உட்கார வைப்பார்கள்?

மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் நாள்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு. ஒரே நாளில் பார்த்து முடிக்கிற வியாதி இல்லை இது. மருந்தை ஏற்றி இறக்க வேண்டும், உடற்பயிற்சியை மாற்ற வேண்டும், தூக்கம் எப்படி என்று கேட்க வேண்டும். கச்சால் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் மக்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ரப்பர் மரத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டியே தேய்ந்த முதுகோடு ஒருவர் போர்ட் பிளேர் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் கப்பலில்தான் வர வேண்டும். வந்து போகும் அலுப்பிலேயே வலி இரட்டிப்பாகும். அவருக்கு மாதம் ஒரு தடவை திரையில் பேசக் கிடைப்பது சின்ன விஷயமே இல்லை.

2020 இதையெல்லாம் புரட்டிப் போட்டது. மார்ச் 25-ல் தொலைமருத்துவத்துக்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வந்தன. ஏப்ரலில் இ-சஞ்சீவனி வீட்டுக்கே வந்தது, அதுவும் இலவசமாக. ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து இங்கே கடலடிக் கேபிள் திறந்தார்கள், சுமார் 2,300 கிலோமீட்டர். அது தொடும் தீவுகளின் பட்டியலில் கமோர்ட்டா உண்டு, பக்கத்துக் கச்சால் இல்லை!

வங்கிக்காரன் என்பதால் வரவு எழுதினால் பற்றும் எழுதியாக வேண்டும். முதல் பற்று மருந்து. அதே 2020 நெறிகளின்படி போதை மருந்துச் சட்டத்தில் வருபவற்றைத் தொலைவழியில் எழுதித் தரக் கூடாது. மார்ஃபின் அதில் அடங்கும். டிராமடாலையும் 2018-ல் அந்தச் சட்டத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். தவறாகப் பயன்படுகிறது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் புற்றுநோய் வலியில் துடிக்கும் தீவுக்காரருக்கு எது அவசரமாகத் தேவையோ, அதுதான் திரையில் கிடைக்காது. வீட்டுக்கே ஆள் போகும் ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த விதி பாதிக் கதவை அடைத்துவிடுகிறது என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வாசல் தேடிப் போகின்றன. கச்சாலுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

இரண்டாவது, தொட்டுப் பார்ப்பது. எங்கள் அம்மா திருமங்கலத்தில் இருக்கிறார், எழுபத்து நாலு வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். சித்தி மகள் போனைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் "காலை நீட்டுங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்பார். வீக்கத்தில் சூடு இருக்கிறதா என்று திரை சொல்லாது. அதற்காக எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2024-ல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் நாள்பட்ட முழங்கால் வலிக்காரர்கள் 394 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நேரில் பிசியோதெரபி ஆலோசனை, மறு பாதிக்கு வீடியோவில். வீடியோ ஆலோசனை நேரில் பார்ப்பதற்குக் குறைந்ததில்லை என்றுதான் முடிவு வந்தது. பயிற்சியைச் சொல்லித் தரவும் விடாமல் செய்ய வைக்கவும் திரை போதும். ஆனால் முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடை இடுக்கு மரத்துப் போகிறது என்றால் போனைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது பற்று எந்த லெட்ஜரிலும் வராது. போனைப் பிடிக்கும் அந்தச் சித்தி மகளுடைய அரை நாள். டாக்டருக்கு ஃபீஸ் நான் இங்கிருந்து அனுப்புகிறேன், அவளுக்கு யார் தருவது? துபாய், சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

இன்னொன்றும் கவனித்தேன். நானும் லைனில் இருந்தால் அம்மாவுக்கு வலி பாதியாகக் குறைந்துவிடும். "பரவாயில்லப்பா, இப்ப தேவலை" என்பார். நான் விலகிய பிறகு டாக்டரிடம், ராத்திரி பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துத்தான் போகிறேன் என்று சொன்னதாகச் சித்தி மகள் சொன்னாள். இப்போதெல்லாம் முதல் பத்து நிமிஷம் நான் சேர்வதில்லை. எல்.எஃப்.சி.யில் தை மாதம் ஊருக்குப் போகிறேன். மதுரையில் முழங்காலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. பாத்ரூம் சுவரில் கைப்பிடி அடிக்க ஆளும் சொல்லியிருக்கிறேன்.