மணம் பரிகாரமாகுமா?

ஒரு குற்றத்துக்கு மக்கள் என்ன பெயர் இட்டிருக்கின்றனர் என்று நோக்கினால், அதைப் பற்றி அவர்கள் என்ன எண்ணினர் என்பது விளங்கிவிடும். நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்னும் சொல்லை வழங்கின. பெண்ணின் உடலும் உள்ளமும் பட்ட துன்பம் அச்சொல்லில் இல்லை. அவளுடைய கற்பு அழிந்தது என்னும் தீர்ப்பே இருக்கிறது. இன்று 'பாலியல் வன்கொடுமை' என்கிறோம். பழி, கொடுமை செய்தவன் பக்கம் திரும்பிவிட்டது. இதே மாற்றம் பல நாட்டுச் சட்டங்களிலும் நேர்ந்தது. ஆனால் எளிதில் நேரவில்லை. அந்த நெடிய வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும், மாணவ நண்பர்களே, இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கொடுமை செய்தவனுக்கே அப்பெண்ணை மணமுடித்துக் குற்றத்தை மூடிய வழக்கத்தின் வரலாறே அது.

வழக்கம் மிகப் பழையது. இன்றைய ஈராக்கின் வடபகுதியில் வாழ்ந்த அசீரியர், 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே தம் சட்டங்களைக் களிமண் பலகைகளில் பொறித்தனர். மணமாகாத பெண்ணை ஒருவன் வலிந்து கெடுத்தால், அவளை அவனுக்கே மணமுடித்துக் கொடுக்கத் தந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அவற்றுள் ஒன்று. தந்தை விரும்பாவிடில், வெள்ளியைப் பெற்றுக்கொண்டு மகளை வேறு எவருக்கேனும் கொடுக்கலாம். மகளின் விருப்பம் யாது? அதைப் பற்றி அப்பலகையில் ஒரு சொல்லும் இல்லை. நட்டம் தந்தைக்கு, ஈடும் தந்தைக்கே.

இது கற்கால மக்களின் கதை போலும் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலி நாட்டின் 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 544ஆம் பிரிவு ஒன்று இருந்தது. குற்றவாளி அப்பெண்ணை மணந்துகொண்டால் குற்றம் அழிந்துபோகும் என்றது அது. விதித்த தண்டனையும் நீங்கும். உடனிருந்து உதவியவர்களும் தப்புவர். இம்மணத்தை அந்நாட்டார் 'சீர்செய்யும் திருமணம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். சீர்குலைந்தது குடும்பத்தின் மானம் என்பதே அவர்கள் எண்ணம்.

சிசிலித் தீவில் அல்காமோ என்னும் ஊரில் பிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண் இருந்தாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டுப் பின்னர் அவள் தந்தையால் விலக்கப்பட்ட ஒருவன், 1965 டிசம்பர் 26 அன்று ஆயுதம் ஏந்திய கூட்டாளிகளுடன் வந்து அவளைத் தூக்கிச் சென்றான். தடுக்க முயன்ற சிறு தம்பியும் உடன் இழுத்துச் செல்லப்பட்டுப் பின்னர் விடப்பட்டான். ஒரு வாரத்துக்குமேல் அவள் சிறைப்பட்டிருந்தாள். மீட்கப்பட்டதும் அவளை எதிர்நோக்கியிருந்தது ஊரார் வகுத்த வழி ஒன்றே: அவனை மணப்பது.

அவள் மறுத்தாள். அவள் தந்தை பெர்னார்தோ ஓர் உழவர். மகள் பக்கம் நின்றார் என்பதற்காக அவருடைய திராட்சைத் தோட்டம் கொளுத்தப்பட்டது. ஆயினும் தந்தையும் மகளும் பின்வாங்கவில்லை. மானம் இழப்பவர் அத்தகைய செயலைச் செய்பவரே. அதற்கு ஆளானவர் அல்லர் என்பது பிராங்காவின் நிலை. 1966 டிசம்பரில் திராப்பானி நகர நீதிமன்றம் குற்றவாளிக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவள் தான் விரும்பியவரையே மணந்தாள்.

தீர்ப்பு விரைந்து வந்தது. சட்டமோ மெல்ல நகர்ந்தது. 544ஆம் பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது. அதன் பின்னும் இக்குற்றம் பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றங்களின் வரிசையிலேயே இருந்தது. அதை மனிதருக்கு எதிரான குற்றம் என இத்தாலி ஏற்றது 1996இல். 2014இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பிராங்காவுக்கு விருதளித்துச் சிறப்பித்தார்.

இவ்வழக்கத்தை ஒரு சமயத்துக்கோ ஒரு கண்டத்துக்கோ உரியதாகக் கருதுதல் தவறு. பிரான்சில், பெண்ணைக் கவர்ந்து சென்றவன் அவளை மணந்து தண்டனைக்குத் தப்ப வழிவிட்ட விதி, நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 1994வரை நின்றது. எகிப்து 1999இலும் மொராக்கோ 2014இலும் இத்தகைய விதிகளை நீக்கின. 2017இல் துனீசியா, ஜோர்டான், லெபனான் ஆகிய மூன்றும் அவ்வழியே சென்றன. லெபனான் தலைநகரான பெய்ரூத்தின் கடற்கரைச் சாலையில், வெண்ணிற மணவாடைகள் 31 சுருக்குக் கயிறுகளில் தொங்கவிடப்பட்டன. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. சில மாதங்களில் அவ்விதி வீழ்ந்தது. எனினும் இளவயதுப் பெண்கள் தொடர்பான சில விலக்குகள் எஞ்சி நின்றன.

நம் நாட்டின் நிலை என்ன? 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இப்படி ஒரு விதி இருந்ததில்லை. ஆயினும் ஏட்டில் இல்லாதது மனத்தில் இருக்கலாம் அன்றோ? 2015 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தண்டனை பெற்ற ஒருவன் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசும் பொருட்டு அவனுக்கு இடைக்கால ஜாமீன் வழங்கியது. அப்பெண் இணங்கவில்லை. அடுத்த மாதமே, மத்தியப் பிரதேச வழக்கொன்றில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்னும் எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. சென்னை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. மணத்தையோ சமரசத்தையோ நீதிமன்றங்கள் பரிந்துரைக்கலாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் அறிவுறுத்தியது.

இவ்வரலாற்றில் நான் காணும் உண்மை ஒன்று உண்டு. இத்தாலியச் சட்டம் பிராங்காவை மணக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. மணந்தால் குற்றவாளியை விடுவிக்கவே காத்திருந்தது. கட்டாயப்படுத்தியவர்கள் ஊராரே. ஆகவே பாராளுமன்றம் ஒரு பிரிவை நீக்கினால் பாதிப் பணியே முடிகிறது. மறுபாதி வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. தோட்டம் எரிந்தபோதும் மகள் பக்கமே நின்ற அந்த உழவர், சட்டம் திருந்துவதற்கு 15 ஆண்டுகள் முன்னதாகவே அம்மறுபாதியைச் செய்து முடித்துவிட்டார்.